பழைய ஆவணங்களில் வரும் தேதிகளை இன்றைய தேதிக்கு மாற்றும் முறை

1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. பிரான்ஸ் 1582ஆம் ஆண்டிலேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட, பிரிட்டன் 1752 வரை ஜூலியன் நாட்காட்டியை விடாமல் வைத்திருந்ததே இதற்குக் காரணம். ஆகவே தேதியைப் பார்ப்பதற்கு முன், ஆவணத்தை எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் எழுதியதாயின், 1700 பிப்ரவரி 29 வரையுள்ள பதினேழாம் நூற்றாண்டுத் தேதிகளுடன் 10 நாட்களையும், மறுநாளான மார்ச் 1 முதல் 1752 செப்டம்பர் 2 வரையுள்ள தேதிகளுடன் 11 நாட்களையும் கூட்ட வேண்டும். ஆண்டு எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு 1751 வரை புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது என்பதால், ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளில் ஆண்டுடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். 1745/46 என இரட்டையாக எழுதப்பட்டிருந்தால் பின்னதையே கொள்ள வேண்டும்.

தமிழ்த் தேதியும் உடனிருந்தால் சரிபார்ப்பது எளிது. 1747 சித்திரையில் பிரபவ ஆண்டு பிறந்தது. எனவே கோட்டை விழுந்தது அதற்கு முந்தைய அட்சய ஆண்டில். சக ஆண்டு 1668 என்றிருந்தால், 78ஐக் கூட்ட அதே 1746 கிடைக்கும்; ஜனவரி முதல் பங்குனி முடியும் வரை மட்டும் 79ஐக் கூட்ட வேண்டும். ஆனால் இன்றைய பஞ்சாங்கத்தை வைத்து மாதத் தேதியைப் பின்னோக்கி எண்ணக் கூடாது. இன்று ஏப்ரல் 14ஐ ஒட்டி வரும் சித்திரை முதல் நாள், அக்காலத்தில் கிரிகோரியன் கணக்கில் ஏப்ரல் 9, 10 அளவிலேயே வந்தது.

எல்லாவற்றிலும் நம்பத்தக்க சான்று கிழமைதான் என்பது என் கருத்து. நாட்காட்டியை மாற்றியபோது தேதிகள் தாவினவே தவிர, கிழமை வரிசை அறுபடவில்லை. கோட்டை விழுந்த நாளுக்கு முதலில் சொன்ன செப்டம்பர் 10, 21 ஆகிய இரு தேதிகளுமே புதன்கிழமைதான். மாற்றிய தேதியின் கிழமை ஆவணத்தில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் விடியலுக்கு முன் நடந்தவை மட்டும் இதற்கு விலக்கு. ஐரோப்பியருக்கு அப்போதே மறுநாள் தொடங்கிவிடும், நமக்கோ சூரியன் உதித்த பின்தான்.

நில ஆவணங்களில் காணும் பசலி ஆண்டுக்கு, ஜூலை முதல் டிசம்பர் வரை 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐயும் கூட்டினால் போதும்.