மரம் நடுவதற்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள்: பள்ளியைக் கார்பன் சமநிலைக்குக் கொண்டுவருவது எப்படி?

கார்பன் சமநிலை என்றால், பள்ளியால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடை முடிந்தவரை குறைத்து, மிஞ்சுவதை வேறு வழியில் ஈடுகட்டுவது. இதற்காகப் பள்ளியில் கூட்டம் போட்டால் முதலில் எழும் குரல் "மரம் நடலாம்" என்பதுதான். நடுங்கள், நிழலாவது கிடைக்கும். ஆனால் நன்கு வளர்ந்த மரமே வருஷத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ கார்பன் டை ஆக்சைடைத்தான் இழுக்கும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தாலோ சுமார் 2.7 கிலோ வெளிவரும். பள்ளி வேனுக்கு எட்டு லிட்டர் போட்டால் அந்த மரத்தின் ஒரு வருஷ உழைப்பு காலி.

அதனால் முதலில் கணக்கு. கடந்த 12 மாத மின் ரசீது, ஜெனரேட்டருக்கும் வண்டிகளுக்கும் போட்ட எரிபொருள், சமையல் கேஸ், இவை போதும் தொடங்க. பள்ளியிலேயே எரிப்பது ஒரு பக்கம், வாங்கும் மின்சாரம் இன்னொரு பக்கம், பிள்ளைகள் வந்துபோவது, குப்பை, காகிதம் எல்லாம் மூன்றாவது பக்கம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பதற்கு உங்கள் நாட்டின் கணக்கையே எடுங்கள். நிலக்கரியில் வந்த ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும், நீர்மின்சாரத்துக்கு மிகச் சொற்பம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. வார விடுமுறைக்குக் கிளம்பும் மாலையில் நான்கு மாணவர்களை மீட்டர் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள், பள்ளி திறக்கும் காலையில் மறுபடியும். ஆளே இல்லாத கட்டடம் எத்தனை யூனிட் சாப்பிட்டது என்று தெரிந்ததும் அவர்களே துப்பறியக் கிளம்பிவிடுவார்கள்: யாரும் குடிக்காத தண்ணீரைக் குளிரவைத்துக்கொண்டிருக்கும் கூலர், அணைக்காமல் விட்ட கணினிகள், தொட்டி நிரம்பி வழிந்தும் ஓடும் மோட்டார். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் காசே வேண்டாம்.

அப்புறம் மின்விசிறி. பழையது சுமார் 75 வாட், பிஎல்டிசி என்ற மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார் வகை 30 வாட் அளவுதான். நாளுக்கு 8 மணி நேரம், 200 நாள் ஓடினால் ஒரு விசிறிக்கே 120 யூனிட் என்பது 48 யூனிட்டாகக் குறைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்ற வேண்டியதில்லை, பழுதாகிறபோது மாற்றினால் போதும்.

ஏசி இருந்தால் அதில் மின்சாரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வருஷா வருஷம் மெக்கானிக் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று நிரப்பிவிட்டுப் போகிறார் என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயு ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பல பள்ளிகளின் கணக்கில் இந்த வரியே இருக்காது. கசிவை அடைத்த பிறகுதான் நிரப்பச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் குறைத்த பிறகு சோலார். முன்னாலேயே போட்டால் வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவீர்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும் (நட்ட மரம் வளர்ந்து மறைக்காத பக்கமாகப் பாருங்கள்). நீண்ட விடுமுறையில் உற்பத்தியாவதை மின்வாரியம் எடுத்துக்கொள்ளுமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் எப்படி வருகிறார்கள் என்பதற்கு வகுப்பில் கை தூக்கச் சொன்னாலே ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். நடக்கும் தூரத்திலிருந்து காரில் வருபவர்களின் பெற்றோரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

என்ன செய்தும் கொஞ்சம் மிஞ்சும். அதற்குத்தான் கார்பன் சான்றிதழ்: வேறெங்கோ கார்பனைக் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுத்து, அந்தக் குறைப்பை உங்கள் கணக்கில் வாங்குவது. அந்தப் பணம் இல்லாவிட்டால் நடந்தே இருக்காத திட்டமா, வேறு யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி சான்றிதழ் உங்கள் பள்ளி பெயரில் பதிவேட்டில் கழிக்கப்பட்டதா, இரண்டையும் கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.

அடுத்த வருஷம் அதே மாதத்தில் மறுபடி கணக்குப் போடுங்கள். பக்கத்திலேயே மாணவர் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வகுப்புகள் மூடியதால் குறைந்ததைக்கூட சாதனையாகக் காட்டத் தோன்றும்.