நைஜரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைப்பில் நைஜர் என்று இருக்கும். கீழே பார்த்தால் லாகோஸ் நகர நெரிசலின் படம். தமிழில் நைஜரைப் பற்றி வரும் கட்டுரைகளில் நான் அடிக்கடி காணும் பிழை இது. லாகோஸ் இருப்பது நைஜீரியாவில். இரண்டும் மேற்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்த நாடுகள், 1960-இல் இரண்டே மாத இடைவெளியில் விடுதலை பெற்றவை. ஆனால் நைஜரை ஆண்டது பிரான்ஸ், நைஜீரியாவை ஆண்டது பிரிட்டன். பரப்பில் நைஜர்தான் பெரியது, 12.67 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்களோ மூன்று கோடிகூட இல்லை. நைஜீரியாவில் இருபது கோடிக்கும் மேல். எண்கள் மாறிப்போனால் கட்டுரையே வேறு நாட்டைப் பற்றியதாகிவிடும்.

பெயரை வைத்து, நாடு முழுக்க ஆறு பாய்வதாக எழுதுவதும் தவறு. நைஜர் ஆறு கினியாவின் மலையில் பிறந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சகாராவை நோக்கி ஓடி, மாலியில் வளைந்து, 4,180 கிலோமீட்டர் கடந்து நைஜீரியாவில் கடலைச் சேர்கிறது. நைஜர் நாட்டில் அது தொடுவது தென்மேற்கு மூலையை மட்டும்தான். தலைநகர் நியாமி அதன் கரையில் இருக்கிறது.

சரி, ஆறு இல்லாத இடமெல்லாம் மணல்தானே என்றால், அதுவும் இல்லை. வடக்கே சகாரா உண்மைதான். ஆனால் மக்களில் பெரும்பாலோர் வாழ்வது தெற்கே, மழையை நம்பி உழும் நிலப்பட்டையில். நீலத் தலைப்பாகையும் ஒட்டகமுமாக துவாரெக் மக்களை மட்டும் காட்டினால், பாதிக்கு மேல் இருக்கும் ஹவுசா மக்கள் காணாமல் போய்விடுகிறார்கள். ஜெர்மா, ஃபுலானி, கனூரி மக்களும் அப்படியே.

அடுத்த பிழை நம் மொழிபெயர்ப்பில் நேர்வது. மூலத்தில் ‘மில்லட்’ என்று பார்த்ததும் தினை என்றோ, பொதுவாகச் சிறுதானியம் என்றோ எழுதிவிடுகிறோம். நைஜரின் அன்றாட உணவு கம்பு. கம்பு முதலில் பயிரானதே மேற்கு ஆப்பிரிக்காவில், சகாராவின் தெற்கு ஓரத்தில்தான். மாலியில் கிடைத்த தடயங்கள் 4,000 ஆண்டுகளுக்கும் பழையவை. இந்தியாவுக்கு அது பிறகு வந்து சேர்ந்தது. ஹவுசா வீடுகளில் கம்பு மாவை உருண்டை பிடித்து வேகவைத்து, உரலில் இடித்து, புளித்த பாலில் கரைத்துக் குடிக்கிறார்கள். அதன் பெயர் ஃபுரா. கம்பங்கூழில் மோர் ஊற்றிக் குடித்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அந்தத் தானியத்தின் பெயரையாவது சரியாக எழுதுவோம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறொன்று: ‘பாலைவனம் விழுங்கிக்கொண்டிருக்கும் நாடு’ என்று எழுதி முடித்துவிடுவது. 1980-களின் தொடக்கத்தில் நைஜரின் தெற்கே மராடி பகுதியில் மரம் நட்டுக்கொண்டிருந்தார் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ. நட்டதில் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983-இல் ஒருநாள், மணலில் வண்டி ஓட்ட டயரில் காற்றைக் குறைக்க இறங்கியவர், வயலில் கிடந்த ஒரு புதரைக் குனிந்து பார்த்தார். அது புதரே இல்லை. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர்கள். வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் உழவுக்கு முன் உழவர்கள் வெட்டி எரித்துவந்த அந்தத் துளிர்களில், நல்லதாக நாலைந்தை மட்டும் விட்டு மற்றதைக் கழித்தால் போதும், மரம் எழுந்துவிடும்.

ஆனால் காலனியக் காலச் சட்டப்படி மரம் அரசுக்குச் சொந்தம். தன் நிலத்து மரம் தனதில்லை என்றால் யார் காப்பாற்றுவார்கள்? அந்தப் பிடி தளர்ந்த பிறகு உழவர்களே ஊர் ஊராக இதைக் கொண்டுபோனார்கள். இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில், ஏறத்தாழ 20 கோடி மரங்கள் எழுந்தன. அவற்றில் ஹவுசாக்கள் ‘கவோ’ என்று அழைக்கும் மரம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துக் கம்புக்கு வெயில் விடும். கோடையில் தழைத்து ஆட்டுமாட்டுக்கு நிழலும் காயும் தரும். வறட்சி வரத்தான் செய்கிறது, பஞ்சமும் வந்திருக்கிறது. அதை மறைக்கச் சொல்லவில்லை. இந்த உழவர்களை விட்டுவிட்டு அதை மட்டும் எழுதுவதுதான் தவறு.

பிரெஞ்சு ஆட்சிமொழி என்ற பழைய வரியையும் மாற்ற வேண்டும். 2025 மார்ச்சில் வந்த இடைக்கால ஆட்சிச் சாசனம் ஹவுசாவைத் தேசிய மொழியாக்கி, பிரெஞ்சை வெறும் பணிமொழி (working language) என்ற நிலைக்கு இறக்கிவிட்டது.

அப்புறம் ஒட்டகச்சிவிங்கி. நியாமிக்குத் தென்கிழக்கே உள்ள கூரேயில் அவை ஏதோ வேலியிட்ட பூங்காவில் இருப்பதாக எழுதுகிறார்கள். வேலியே கிடையாது, ஊர்களுக்கும் வயல்களுக்கும் நடுவே மேய்கின்றன, சில நேரம் காராமணிப் பயிரையும் மேய்ந்துவிடுகின்றன. 1996 கணக்கெடுப்பில் 49 மட்டுமே எஞ்சியிருந்தன. இன்று 600-ஐத் தாண்டிவிட்டன. படம் போடும்போது காலைப் பாருங்கள்: மேற்கு ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி வெளிர் நிறம், முழங்காலுக்குக் கீழே புள்ளி இருக்காது.