எலிக் கொழுப்பிலிருந்து நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுக்கும்போது

ஆய்வகத்தில் என் முதல் ஆண்டு. பருத்த சுண்டெலியின் தொடையிடுக்குத் தோலடிக் கொழுப்பில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் மண்டிக் கிடப்பதைக் கண்டு இரண்டு வாரம் மிதப்பில் திரிந்தேன். ஒல்லி எலியிலும் அதே கூட்டம் வந்தபோதுதான் விழித்தேன்: நான் எண்ணியது கொழுப்புக்குள் கடுகளவில் புதைந்திருந்த, அந்தச் செல்கள் இயல்பாகவே குவியும் நிணநீர் முடிச்சை!

ஆகவே முதல் வேலை, கொழுப்பைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் விரித்து, ரத்தக் குழாய்கள் கூடும் இடத்தில் அந்த முடிச்சைக் கிள்ளி எறிவது. விந்தகத்தை ஒட்டிய கொழுப்பில் இந்தத் தொல்லை இல்லை. உடல்பருமனின் அழற்சியும் அங்கேதான் பளிச்சென்று தெரியும். புதியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலால் கூழாகும்வரை நறுக்கி, திசுவைப் பிணைக்கும் கொலாஜனை அறுக்கும் நொதியான கொலாஜினேஸ், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள கரைசலில் 37 டிகிரியில் 30 முதல் 45 நிமிடம் குலுக்குங்கள். அந்த நொதிக்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்த கரைசலை நொதியை நிறுத்தும்போது மட்டும் ஊற்றுங்கள். புதுப் புட்டி திறந்தால் நேரத்தையும் புதிதாகச் சோதியுங்கள், புட்டிக்குப் புட்டி வீரியம் மாறும்.

100 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடித்து, 500 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றினால் கொழுப்புச் செல்கள் எண்ணெயோடு மேலே மிதக்கும், நமக்கு வேண்டியவை சிவந்த படிவாக அடியில் இருக்கும். குழாயைக் கவிழ்க்காதீர்கள், எண்ணெய் வழிந்து படிவில் ஒட்டும். மேலிருந்து உறிஞ்சி எடுங்கள். சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு, எதிர்ப்பொருள்கள் தவறாகப் போய் ஒட்டும் எஃப்சி ஏற்பிகளை அடைத்த பிறகு, செல் வகைகளை அடையாளம் காட்டும் சிடி45, சிடி11பி, எஃப்4/80, சிடி11சி ஆகியவற்றுக்கான ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களைச் சேருங்கள்.

மேக்ரோஃபேஜ்கள் என்பவை கழிவை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்; கொழுப்பு விழுங்கியவை சாயமின்றியே ஒளிரும். அதனால் சாயமிடாத ஒப்பீட்டுக் குழாயைப் பருத்த எலியிலிருந்தும் எடுங்கள். பலர் ஒல்லி எலியோடு நிறுத்திக்கொண்டு ஏமாறுகிறார்கள்.

ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுச் செல்களில் 10 சதவீதத்துக்கும் கீழிருந்த மேக்ரோஃபேஜ்கள், உடல்பருமனுள்ள மனிதர்களில் 40 சதவீதத்தை நெருங்குவதாக 2003இல் வெய்ஸ்பர்க், ஃபெரன்டே குழுவினர் எழுதினார்கள். உங்கள் எண்ணை அதோடு நேராக ஒப்பிடாதீர்கள். அவர்கள் கணக்கில் கொழுப்புச் செல்களும் உண்டு, நீங்களோ அவற்றை எண்ணெயோடு கொட்டிவிட்டீர்கள். ஒரு கிராம் கொழுப்புக்கு எத்தனை செல் என்று சொல்லுங்கள். எடை போடச் சொன்னது அதற்காகத்தான்.

நறுக்குமுன் ஒரு துண்டை, திசுவின் வடிவம் கலையாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டுவையுங்கள். பருத்த எலிகளின் கொழுப்பில் மேக்ரோஃபேஜ்களில் 90 சதவீதத்துக்கும் மேல் செத்த கொழுப்புச் செல்லைக் கிரீடம்போல் சூழ்ந்திருப்பதை 2005இல் சவேரியோ சிந்தியும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள். கூழாக்கிய திசுவில் அந்தக் கிரீடம் மிஞ்சாது. துண்டு வைக்கும் பெட்டியில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பிறகு திசுவைப் பதப்படுத்தும் ஆல்கஹாலில் கரைந்து, எது எந்த எலி என்றே தெரியாமல் போகும்.