ஓடாத கடிகாரமும் 80-ஆவது விநாடியும்

பழைய வீட்டுக் கணினியான கமடோர் 64-இன் யூசர் போர்ட்டில் (வெளிச் சாதனங்களை இணைக்கும் முனையில்), நேரத்தைக் கணக்கிடும் டிஎஸ்1307 சிப் உள்ள சின்ன கடிகார போர்டைச் சேர்த்தேன், நான்கு நாள் போனது. சிப் பதில் சொன்னது, மணியும் நிமிடமும் நான் எழுதியபடியே திரும்பி வந்தன, ஆனால் நேரம் மட்டும் நகரவே இல்லை.

முதலில் பேட்டரியைச் சந்தேகித்துப் புதிதாகப் போட்டேன். அப்புறம் கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கழற்றி வேறொன்றைப் பற்றவைத்தேன், சிக்னல் வயர்களின் மின்னழுத்தத்தை உயர்த்தி வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களையும் மாற்றினேன். ஒன்றும் அசையவில்லை.

துப்பு முதல் நாளே கண்ணில் பட்டிருந்தது. விநாடி 80 என்று வந்தது (பதினாறடிமான எண் இது, சாதாரண எண்ணில் 128)! 60-க்கு மேல் ஏது விநாடி, வயரில் ஏதோ இரைச்சல் என்று நினைத்து, பேசிக் நிரலில் 127-உடன் ஆண்ட் செய்து, அதாவது எட்டு பிட்டில் மேல் பிட்டை மட்டும் அழித்து, அதை மறைத்துவிட்டேன். திரையில் 00 என்று அழகாக நின்றது, நானும் ஏமாந்தேன்.

உண்மையில் சிப்புக்குள் விநாடியை வைத்திருக்கும் நினைவிடமான விநாடிப் பதிவேட்டின் (0-ஆம் பதிவேடு) மேல் பிட்தான் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் பிட். சிப்புக்கு முதன்முதலாக மின்சாரம் வரும்போது அது 1 ஆகத்தான் இருக்கும். நானோ மணியையும் நிமிடத்தையும் மட்டும் எழுதி, விநாடி தானாக ஓடும் என்று விட்டிருந்தேன். 0-ஆம் பதிவேட்டில் 0 எழுதினேன், அடுத்த நொடியே 01, 02 என்று ஓட ஆரம்பித்தது.

போர்டைக் கழற்றிய நிலையில் பேட்டரியையும் எடுத்தால் இந்த பிட் மறுபடி 1 ஆகிவிடும். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்திருந்தால்கூட, அப்படிப் பேட்டரி மாற்றும்போது நானே அதை நிறுத்தியிருப்பேன்.