மெட்டலுக்கு ஆம்ப் வாங்கும்போது கெயினை மறந்துவிட்டு ஸ்பீக்கரைப் பாருங்கள்

கடைக்குப் போனதும் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கிச் சிதைக்கும் முள்ளை, முழுக்கத் திருப்பி, ஒரு பவர் கார்டை (இரண்டு சுரங்களின் கனத்த கூட்டொலியை) அடித்து நீளவிட்டுக் கேட்பதுதான் வழக்கம். அப்படிக் கேட்டால் எல்லா ஆம்பும் அசத்தும். ஆனால் மெட்டல் ரிஃப் பாதி சத்தம், பாதி மௌனம். சோதனையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். கடைக் கிட்டாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) வேறாக இருந்தால் சோதனையே வீண். கெயின் முள்ளை பன்னிரண்டு மணி நிலையில் வைத்து, ஆறாவது கம்பியை பாம் மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தால் லேசாக அமுக்கி) வேகமாக அடித்து, சட்டென நிறுத்துங்கள். ஒவ்வொரு அடியும் ‘ஜக், ஜக்’ என்று தனித்தனியாக விழுந்தால் அந்த ஆம்ப் தேறும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொழகொழத்தால், எத்தனை கெயின் இருந்தும் பயனில்லை.

கொழகொழப்புக்குக் காரணம் பெரும்பாலும் பேஸ். ப்ரீஆம்புக்குள் (ஆம்பின் முதல் பெருக்கிப் பகுதி) நுழையும் சிக்னலில் தாழ்ந்த அதிர்வெண்கள்தான் பெரிய அலைகள். அவை முதலில் சிதைந்து, மேலே இருக்கும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால்தான் மெட்டலுக்குப் பெயர்பெற்ற சுற்றுகள் கெயினுக்கு முன் பேஸைக் குறைத்து, பிறகு கூட்டுகின்றன. இதையே ஒரு பெடலால் செய்துகொள்ளலாம்: ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவை ஆம்புக்கு முன் போட்டு, டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க, டோன் நடுவில். அந்தச் சுற்று சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாகக் குறைக்கிறது. 1992-இல் வந்த பீவி 5150 ஆம்பில் கெயின் வழிந்து ஓடும்; அதற்கு முன்னாலும் இந்தப் பெடலைப் பலர் வைப்பது இறுக்கத்துக்காகத்தான்.

அடுத்தது ஸ்பீக்கர். விலைப்பட்டியலில் எல்லோரும் தாண்டிப்போகும் வரி இதுதான். கிட்டாரின் ஆறாவது கம்பி சாதாரண ட்யூனிங்கில் 82 ஹெர்ட்ஸ், இன்னும் தாழ்த்திய டிராப் சி ட்யூனிங்கில் 65 ஹெர்ட்ஸ். ஆறரை அல்லது எட்டு அங்குல ஸ்பீக்கர் போட்ட பயிற்சி ஆம்பில் பாம் மியூட்டின் உதை நெஞ்சில் விழவே விழாது. அதை ஈடுகட்ட பேஸைத் திருகினால் பெட்டிதான் கடகடக்கும். பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். பின்பக்கம் மூடிய கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) இருந்தால் அடி இறுக்கமாக இருக்கும். திறந்திருந்தால் சத்தம் அறை முழுக்கப் பரவும், ஆனால் உதை குறையும். செலஸ்டியன் வின்டேஜ் 30 போன்ற ஸ்பீக்கர்கள் மிட்டை, அதாவது நடு அதிர்வெண்களை, தூக்கிக் காட்டுவதால் பாண்டுக்குள் கிட்டார் தெளிவாகக் கேட்கும். ஒரே ஆம்பை இரண்டு வேறு கேபினெட்டில் மாட்டிக் கேளுங்கள். இரண்டு ஆம்புகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிய வித்தியாசம் அங்கே கேட்கலாம்.

கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரிதும் வெட்டிவிடும். டிஸ்டார்ஷன் பெடலை நேராக மேடை பிஏ ஸ்பீக்கரிலோ ஹோம் தியேட்டரிலோ செருகினால் கொசு ரீங்காரம் போலக் கேட்பது, அந்த வெட்டு இல்லாததால். ஆம்ப் இல்லாமல் ப்ராசஸர் மட்டும் வைத்து வாசிப்பவர்கள் அதில் இந்த வெட்டைப் போலிசெய்யும் கேபினெட் சிமுலேஷனை ஆன் செய்ய வேண்டும். கிட்டார் ஆம்புக்குள் போகும்போது அதையே ஆஃப் செய்ய வேண்டும். மறந்தால் கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும்.

வாட் கணக்கு பலரை ஏமாற்றும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. டிரம்மரோடு வாசிக்க 50 வாட் ட்யூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் தாராளம். சாலிட் ஸ்டேட் (ட்ரான்சிஸ்டர்) என்றால் 100 வாட் பக்கம் போங்கள், ஏனென்றால் எல்லையைத் தொட்டால் அதன் சிதைவு கரகரப்பாக இருக்கும். வீட்டுக்கு மட்டும் என்றால் ட்யூப் ஆம்பே வேண்டாம்; 5 வாட் ட்யூப் ஆம்ப்கூடப் பக்கத்து வீட்டைக் கதவைத் தட்ட வைக்கும். பாஸ் கட்டானா 50 போல, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் அரை வாட்டுக்கு இறங்கும் வசதியும் உள்ள மாடலிங் ஆம்ப் (பல ஆம்புகளின் ஒலியை டிஜிட்டலாகப் போலிசெய்வது) போதும். ட்யூப் இல்லாமல் மெட்டல் இல்லை என்று யாராவது சாதித்தால், பான்டெரா மெட்டல் குழுவின் கிட்டாரிஸ்ட் டைம்பேக் டாரெல் பல ஆண்டுகள் வாசித்தது ரான்டால் சாலிட் ஸ்டேட் ஆம்பில் என்று சொல்லுங்கள்.

ஸ்டாக்ஹோம் டெத் மெட்டலின் ரம்பச் சத்தம்தான் வேண்டுமென்றால் கணக்கே வேறு. அது பாஸ் எச்எம்-2 பெடலின் எல்லா முள்ளையும் கடைசிவரை திருப்பியதில் பிறந்தது. நல்ல கிளீன் சேனலும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் போதும்.

மிட்டைப் பூஜ்யமாக்கி பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றினால் படுக்கையறையில் பிரம்மாண்டம். பாண்டில் கிட்டார் காணாமல் போய்விடும். பேஸ் இடத்தை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் பிடித்துக்கொள்ளும், ட்ரெபிளை சிம்பல் மூடிவிடும். ஆகவே மிட் முள்ளை எவ்வளவு உபயோகமாகத் திருப்ப முடிகிறது என்பதைக் கடையிலேயே பாருங்கள். கெயினுக்குப் பின்னால் பெடல்களை மாட்ட உதவும் எஃபெக்ட்ஸ் லூப்பும் இருக்கட்டும்: டிலேயை (எதிரொலிப் பெடல்) கெயினுக்கு முன் போட்டால் குழம்பிவிடும்.

ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) கேபினெட்டும் தனித்தனியாக வாங்கினால் ஓம், அதாவது மின்தடைக் கணக்கு முக்கியம். ட்யூப் ஆம்பில் பின்பக்க ஓம் ஸ்விட்சும் கேபினெட்டின் ஓமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு 16 ஓம் கேபினெட்டை பேரலலாக மாட்டினால் 8 ஓம். ஸ்பீக்கர் மாட்டாமல் ட்யூப் ஆம்பை வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போகலாம். சாலிட் ஸ்டேட்டில் குறிப்பிட்டதைவிடக் குறைந்த ஓம்தான் ஆபத்து. ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையே ஸ்பீக்கர் கேபிளைத்தான் போட வேண்டும். கிட்டார் கேபிளின் மெல்லிய கம்பி சூடாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃபியூஸாவது போகும், கூடவே பெரிய செலவும் வரலாம். பின்பக்கத் தகட்டில் எழுதியுள்ள மின்தேவையைப் போல் ஒன்றரை மடங்கு திறனுள்ள ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். 50 ஹெர்ட்ஸும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா பாருங்கள். இரைச்சல் போவதற்காக எர்த் பின்னை வெட்டவே வெட்டாதீர்கள். பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கலாம்.

பழைய ட்யூப் ஆம்ப் என்றால் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். ப்ரீஆம்ப் ட்யூபை மரப் பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று பலமாக எதிரொலித்தால் அந்த ட்யூபை மாற்ற வேண்டியிருக்கும். பவர் ட்யூபின் உள்தகடே சிவப்பாக ஜொலித்தால் உடனே அணைத்துவிடுங்கள். பயஸ் (ட்யூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவமைப்பு) கெட்டிருக்கலாம், ட்யூபே போயிருக்கலாம். எதுவானாலும் டெக்னீஷியன் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.