‘கியுத்தோ’ என்றால் எத்தனை சுற்று? ஜப்பானியக் கைவினையை ஆங்கிலத்தில் சொல்லித்தரும்போது வரும் தவறுகள்

ஜப்பானின் தொகுஷிமாவில் ஒரு நீலச் சாயப் பட்டறை. மேசையைச் சுற்றி ஐந்து பயணிகள். ஆசிரியர் வெள்ளைத் துணியை மடித்து, அதன்மேல் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டே “கியுத்தோ” என்றார். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த நான் “டைட்லி” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சாயத்தில் முக்கி எடுத்து அவிழ்த்தபோது, பிரான்ஸிலிருந்து வந்த பெண்மணியின் துணியில் ஒரு வெள்ளை வளையம்கூட இல்லை. மூலை முடுக்கெல்லாம் ஒரே நீலம். அவர் கணக்குப்படி அவர் இறுக்கமாகத்தான் கட்டியிருந்தார். ஆசிரியர் கணக்கில் இறுக்கம் என்றால் ரப்பரை ஏழெட்டுச் சுற்று சுற்ற வேண்டும், அடியில் நகம் நுழையக் கூடாது. மதியம் வந்த குழுவுக்கு அதையே சொன்னோம், வளையங்கள் பளிச்சென்று வந்தன.

2024-இல் மட்டும் ஜப்பானுக்கு 3.68 கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அவர்களில் பலர் ஏதாவது ஒரு பட்டறையில் உட்கார்ந்து எதையாவது செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். சொல்லித்தரும் கைவினைஞர்களோ தங்கள் ஆங்கிலம் போதாது என்று கவலைப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் இலக்கணப் பிழையால் கெட்டுப்போன வகுப்பு ஒன்றுகூட இல்லை. சுத்தமான ஆங்கிலத்தில் அளவே இல்லாமல் சொன்னதால் கெட்டவைதான் அதிகம்.

ஜப்பானிய மொழியில் ‘கியுத்தோ’ மாதிரி ஒலிக்குறிப்புச் சொற்கள் ஏராளம். நம் ‘மொறுமொறு’, ‘வழவழ’ போலத்தான். சொன்னதும் உள்ளூர்க்காரருக்குக் கை தானாகப் போகும். வெளியூர்க்காரருக்கு அது வெறும் சத்தம். அதை ‘டைட்லி’, ‘ஜென்ட்லி’ என்று ஒரு சொல்லாக மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. எண்ணிக்கையாக, விரல் அகலமாக, மூச்சுக் கணக்காக மாற்றுங்கள். அதற்கு வழி ஜப்பானியரிடமே இருக்கிறது: பிசைந்த மாவுக்கும் களிமண்ணுக்கும் ‘காது மடல் பதம்’ என்பார்கள். காதைத் தொட்டுக் காட்டினால் போதும், எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

அடுத்தது வாக்கிய வரிசை. நம்மைப் போலவே ஜப்பானியரும் வினையைக் கடைசியில் வைப்பவர்கள். “மடிப்புப் பக்கத்தை விட்டுவிட்டு, இந்தக் கோட்டில் வெட்டுங்கள்” என்று சொன்னால் எச்சரிக்கை முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் “கட்” முதலில் வரும், “பட் நாட் த ஃபோல்டட் சைட்” பின்னால் வரும். அந்த ‘பட்’ வந்து சேர்வதற்குள் கத்தரிக்கோல் வேலையை முடித்திருக்கும். அதனால் எச்சரிக்கையைத் தனி வாக்கியமாக, கருவி கைக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வரலாற்றை முதலிலேயே கொட்டுவது இன்னொரு வழக்கம். பயணிகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு காத்திருக்க, சாய இலை எப்போது வந்தது, எந்தப் பிரபு ஆதரித்தார் என்று இருபது நிமிடம் ஓடும். ஒருவர் மனதிலும் நிற்காது. சாயத் தொட்டியிலிருந்து எடுத்த துணி முதலில் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், காற்றுப் பட்ட பிறகுதான் நீலமாக மாறும். அந்தச் சில நிமிடங்களில் கைக்கு வேலை இல்லை, கண்ணும் துணியைவிட்டு நகராது. இலையைச் சுமார் நூறு நாள் நனைத்து, புரட்டி, மக்க வைத்து ‘சுகுமோ’ என்ற சாயப் பொருளாக ஆக்கும் கதையை அப்போது சொல்லிப் பாருங்கள், கேள்விமேல் கேள்வி வரும்.

சில ஆங்கிலச் சொற்கள் நேராகவே தப்பான வேலையைச் செய்ய வைக்கும். ‘காயட்டும்’ என்ற பொருளில் வரும் ‘ட்ரை’ அதில் மோசமானது. உடைந்த கிண்ணத்தை ஒட்டும் கின்ட்சுகியில் உருஷி என்ற மரப்பால் அரக்கைப் பூசுவார்கள். அது ஈரத்தை இழந்து காய்வதில்லை, ஈரக்காற்றில் இருந்துதான் இறுகுகிறது. அதற்காகவே ஈரப்பதம் 70–80 சதவீதம் உள்ள பெட்டியில் வைப்பார்கள். “லெட் இட் ட்ரை” என்று அனுப்பினால் வாங்கிப்போனவர் ஜன்னல் வெயிலில் வைப்பார், அரக்குக்கு வெயில் ஆகாது. ‘இறுகட்டும்’ என்ற பொருள் தரும் சொல்லைப் பயன்படுத்தி, எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இறுகாத உருஷி தோலில் பட்டால் சிலருக்குக் கடுமையான அரிப்பு வரும். உருஷி மரம் மாமரத்தின் குடும்பம், மாம்பால் பட்டுப் புண்ணானவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இதைக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஒன்றிரண்டு மணி நேர வகுப்புகளில் பெரும்பாலும் எபாக்ஸி என்ற செயற்கைப் பசையும் பித்தளைத் தூளும்தான். அதில் தவறில்லை, உண்மையான உருஷி வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அதைச் சொல்லாமல் மறைப்பதும், அந்தக் கிண்ணத்தில் சாப்பிடக் கூடாது என்று எச்சரிக்காததும் தவறுதான்.

‘ரைஸ் பேப்பர்’ என்ற பெயரும் அப்படித்தான். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மினோ காகிதம் உட்பட, வாஷி என்ற ஜப்பானியக் காகிதத்தில் பெரும்பகுதி கோசோ என்ற மல்பெரி வகைச் செடியின் பட்டை நாரில் செய்வது. அரிசிக்கு அங்கே வேலையில்லை. பயணிக்குப் பழகிய பெயர் என்று ஆசிரியரும் அதையே சொன்னால், நாரை அடித்துப் பிரிக்கும் வேலை எதற்கென்றே அவருக்குப் புரியாமல் போகும். ‘வாஷி’ என்றே சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தில் பழகிவிடுவார்கள். கோணலாகப் போன ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ‘வாபி-சாபி’, அதாவது குறையிலும் அழகு உண்டு, என்று சமாதானம் சொல்வதையும் நிறுத்தலாம். கோணல் கோணல்தான்.

பழக்கமுள்ளவர் வந்தால் ஆசிரியர் நிம்மதியடைவார். கவனிக்க வேண்டியதே அவரைத்தான். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது வெட்டும். ஊரில் தச்சுவேலை தெரிந்தவர் தள்ளி அறுக்கப் பார்ப்பார், மெல்லிய தகடு வளைந்துவிடும். மண்பாண்டச் சக்கரம் ஜப்பானில் வழக்கமாகக் கடிகாரத் திசையில் சுற்றும், மேற்கத்தியப் பட்டறைகளில் எதிர்த்திசை. முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லாவிட்டால், நாலு வருடம் பழகியவர் புதியவரைவிடத் தடுமாறுவார்.

“புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். யாரும் ‘புரியவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். “அடுத்து என்ன செய்வீர்கள், காட்டுங்கள்” என்றால் தெரிந்துவிடும். எதிரே நின்று செய்துகாட்டினால் இடம் வலமாகும், பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம், பயணியின் கையிலிருந்து வாங்கித் திருத்துவது. கிண்ணத்தின் விளிம்பு ஆடுகிறது என்று ஆசிரியர் இரண்டு கையையும் நுழைத்து நொடியில் சரிசெய்துவிடுவார். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது இனி ஆசிரியரின் கிண்ணம். இடிந்து விழப்போகிறது என்றால் தொடலாம், மற்றபடி கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அளவைப் பற்றிப் பேசலாம். மண் காய்ந்து சுடப்படும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். பெரிய காபிக் குவளை கேட்டவரிடம் இதைச் சொல்லாமல் விட்டால், சுட்டு முடித்து ஒன்றிரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவது சின்னத் தேநீர்க் கோப்பையாக இருக்கும்.