ரேஸ் பைக்குக்கு அல்ல, அதை ஏற்றிப் போகும் வேனுக்குத்தான் பெட்ரோல் செலவு

பெட்ரோல் விலை ஏறினால் பைக்கின் டேங்கில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரே வேனில் இரண்டு பைக்கை ஏற்றி, போக வர ஆகும் எரிபொருளை இருவரும் பாதி பாதி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ.-க்குப் பதில் 90-ல் போங்கள்.

ரேஸ் டிராக் 300 கி.மீ. தள்ளி இருக்கிறது, வேன் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கிறது என்று வையுங்கள். போக வர 60 லிட்டர். பொழுதுபோக்காக ஓட்டுகிறவரின் பைக் அந்த ஒரு நாளில் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் குடிக்கும். சீரான வேகத்தில் வேனின் எரிபொருளில் பெரும்பங்கைத் தின்பது காற்றின் எதிர்ப்பு, எடை அல்ல. அதனால் உள்ளே இன்னொரு பைக் ஏறினாலும் செலவு கொஞ்சம்தான் கூடும். அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி ஏறுவது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 110-லிருந்து 90-க்கு இறங்கினாலே காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பைக்கைத் திறந்த டிரெய்லரில் நிறுத்தி இழுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

டிராக் பக்கத்திலேயே இருந்தால் இதில் பெரிய லாபம் இல்லை. ரேஸ் எரிபொருள் கட்டாயம் என்ற போட்டிப் பிரிவில் ஓட்டினாலும் கணக்கு மாறும், அது பம்ப் பெட்ரோலைவிட மிக விலை கூடியது. நாள் முடிவில் பைக் டேங்கில் மிஞ்சிய பம்ப் பெட்ரோலை பெட்ரோல் வேனில் ஊற்றலாம். டூ-ஸ்ட்ரோக் பைக்கின் ஆயில் கலந்த பெட்ரோல் என்றால் வேண்டவே வேண்டாம்.